மெருகிடுதல் காத்தல் ஆகாது

ஆகஸ்ட் 29ஆம் நாள் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடி ஏறிவிட்டால், செப்டம்பர் 8 வரை அந்தக் கடற்கரையில் கால் வைக்க இடம் இராது. நெரிசலுக்கு அஞ்சும் வயது எனக்கு வந்துவிட்டமையால், நற்கருணைப் பலி முடிந்ததும் கூட்டத்தைவிட்டு விலகிக் கடலோரமாகவே வடக்கு நோக்கி நடப்பது வழக்கம். அப்படி நடந்தால், அடையாற்று முகத்துவாரத்துக்கு இப்புறம், வலைகளும் படகுகளும் மணலில் கிடக்க, ஊரூர் ஒல்காட் குப்பம் தொடங்கும். சென்ற ஆண்டு திருவிழாவின்போது அங்கே என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் வீட்டில் சற்று அமர நேர்ந்தது. இன்று அவருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் ஒருவன் உண்டு.

தேநீர் தந்தபின், அலமாரியின் மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பிரித்தார். உள்ளே மஞ்சள் நிறக் கேசட்டு ஒன்று. பாட்டுக் கேசட்டு அன்று. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் ‘டிவி கேம்’ கேசட்டு. தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் தம் தந்தை வாங்கித் தந்தது என்றார்.

“சுனாமி அன்னைக்கு வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சி சார். டிவி போச்சி, கேம் செட்டு போச்சி. இது ஒண்ணு மட்டும் மேல இருந்ததால தப்பிச்சிது. இத எங்கயாவது ஓட்டிப் பாக்க முடியுமா சார்? இவனுக்குக் காட்டணும்.”

பையன் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்தாமலே சொன்னான்: “அதான் போன்லயே இருக்குதேப்பா. இதவிட சூப்பரா இருக்கும்.”

“அது வேறடா,” என்றார் தந்தை. ஏன் வேறு என்று அவரால் விளக்க இயலவில்லை. மகன் காட்டியதை நானும் வாங்கிப் பார்த்தேன். அதே பெயர், அதே தொப்பிக்காரன், ஏறக்குறைய அதே இசை. ஆனால் உயிர் தீர்ந்தால் விளம்பரம் ஒன்றைப் பார்த்து மேலும் ஓர் உயிர் பெற்றுக்கொள்ளலாம். பழைய ஆட்டத்திலோ மூன்று உயிர்கள். தீர்ந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதற்குள் அடுத்த வீட்டுப் பையன் ‘என் முறை’ என்று கைநீட்டி நிற்பான். தந்தை ‘வேறு’ என்று சொன்னதன் பொருள் அதுதான் என்று திரும்பி வரும் வழியில் எனக்குத் தோன்றியது.

ஓர் இலக்கிய இதழில் சிறுவர் விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. அதற்கு முன், அந்தக் குப்பத்தின் அக்கம்பக்கத்தைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம்.

குப்பத்திற்குத் தம் பெயரை ஈந்த கர்னல் ஒல்காட், அடையாற்றில் 1886இல் ஒரு நூலகத்தை நிறுவினார். பல்லாயிரம் ஓலைச்சுவடிகள் அங்கே காக்கப்பட்டு வருகின்றன. சற்றுத் தெற்கே, அதே பெசன்ட் நகரில், டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் உள்ளது. ஐயர் மறைந்த மறு ஆண்டு, 1943இல் தொடங்கப்பட்டது. அலையோசை கேட்கும் தொலைவுக்குள் பழமையைக் காக்கும் இரண்டு பெரும் மனைகள். அவற்றுக்கு நடுவே, ஒரு பழைய கேசட்டை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று அறியாத ஒரு மனிதர்.

ஐயர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிட்டவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. செல் அரித்த இடங்களில் சொற்கள் இல்லை. அவர் செய்தது என்ன? சொல் இல்லாத இடத்தில் புள்ளிகளை இட்டார். அவ்வளவே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். செய்யுள் இயற்றும் ஆற்றல் மிக்கவர். விடுபட்ட அடியைச் சந்தம் குன்றாமல் நிரப்புவது அவருக்கு ஒரு மாலைப்பொழுதின் வேலை. நிரப்பியிருந்தால் நூல் அழகாய் இருந்திருக்கும். மாணவர்க்கு எளிதாய் இருந்திருக்கும். எவராலும் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. அவர் நிரப்பவில்லை. அந்தப் புள்ளிக்கோடுகளை நான் பார்க்கும்போதெல்லாம், தமிழில் எழுதப்பட்டவற்றுள் மிக நேர்மையான வரிகள் இவையே என்று எண்ணுவதுண்டு.

இனி, கணிப்பொறி விளையாட்டுகளின் உலகில் ‘பாதுகாத்தல்’ என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள். பழைய விளையாட்டு ஒன்று மக்கள் மனத்தில் நிற்குமாயின், அதன் உரிமையாளர் அதற்குப் புதுவண்ணம் பூசுகிறார், முகங்களை மாற்றுகிறார், கடினமானதை எளிதாக்குகிறார், உரிமக்காலம் முடிந்த பாடல்களை உருவிவிடுகிறார். இதுவரையிலும்கூட மன்னிக்கலாம். புதுவடிவம் ஒன்று செய்ய எவருக்கும் தடையில்லை. கம்பன் செய்ததால் வான்மீகம் அழிந்துவிடவில்லை. ஆனால் புதியது வரும்போதே பழையதைக் கடையிலிருந்து அகற்றிவிடுகிறார்கள். 2021 நவம்பரில் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையின் மூன்று பழைய விளையாட்டுகள் மெருகிட்ட பதிப்பாக வந்தபோது இதுவே நடந்தது. மெருகிட்டதோ குறைகள் மலிந்து வந்தது. வாங்கியவர்கள் கொதித்தெழவே, நிறுவனம் வருத்தம் தெரிவித்துக் கணிப்பொறிக்கான பழைய பதிப்புகளை மீண்டும் விற்பனைக்கு வைத்தது. அதே வரிசையின் நான்காம் விளையாட்டில், 2018இல், பாடல் உரிமம் முடிந்ததென்று வானொலிப் பாடல்கள் பல நீக்கப்பட்டன. அவை நீங்கியது காசு கொடுத்து ஏற்கெனவே வாங்கியவர்களின் பதிப்புகளிலும்தான். உங்கள் வீட்டு அலமாரியிலுள்ள நூலின் நான்கு பக்கங்களைப் பதிப்பாளர் இரவோடிரவாக வந்து கிழித்துப் போவதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த விளையாட்டின் வன்முறையை நான் விரும்புபவன் அல்லன். என் பேரனுக்கு அதை வாங்கித் தரவும் மாட்டேன். அது வேறு வழக்கு.

“பிழையைத் திருத்தினால் என்ன கேடு?” என்று கேட்பவர்கள் உளர். எது பிழை என்று முதலில் தெரிய வேண்டுமன்றோ! 1978இல் சப்பானிய நாட்டின் தொமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். வானிலிருந்து அணியணியாய் இறங்கும் பகைவரைச் சுட்டு வீழ்த்த வேண்டும். பகைவர் குறையக் குறைய, எஞ்சியோர் விரைவாக நகர்வார்கள். ஆடுபவன் நெஞ்சு படபடக்கும். இது முதலில் திட்டமிட்டுச் செய்ததன்று. அன்றைய செயலிக்கு அத்தனை உருவங்களையும் வரையத் திணறல். உருவங்கள் குறைந்தால் சுமை குறைந்து வேகம் கூடியது. நிஷிகாடோ அதைக் கண்டு, நன்றாயிருக்கிறதென்று அப்படியே விட்டார். இன்றைய பொறியில் அந்தக் கணக்கை அறியாமல் ‘சீர்செய்து’ ஓட்டினால், பகைவர் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் வருவார்கள். பொறியின் இயலாமையே கலையாகிய இடம் அது. இயலாமையை நீக்கினால் கலையும் உடன்போகும்.

1980இல் வந்த ‘பேக்-மேன்’ ஆட்டத்தில் 256ஆம் கட்டத்தை எட்டியவர் முன் திரையின் வலப்பாதி முழுதும் எழுத்துக் குப்பையாய்ச் சிதறும். எட்டு இருமக்கூறுகளில் 255 வரைதான் எண்ண முடியும் என்பதால் நேர்ந்த வழு அது. அதைத் திருத்திவிட்டால், அந்த நாளின் பொறிகள் எவ்வளவு சிறிய கைவிரல்களால் எண்ணின என்பதற்கான சான்று போய்விடும். 1985இல் வந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதைப்போல் பல மடங்கு இடம் கொள்ளும். இடச்சிக்கனத்தின் பொருட்டு அதில் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவம். நிறம் மட்டுமே வேறு. புதுமெருகிட்டவர் புதருக்குத் தனியாக இலைகள் வரைந்துவிட்டால், அந்தச் சிக்கனத்தின் அழகை எந்தப் பிள்ளை அறியும்? சோவியத் நாட்டின் அலெக்சி பஜித்னவ் 1980களின் நடுவில் ‘டெட்ரிஸ்’ செய்தபோது, அவருடைய பொறியில் படம் வரையும் வசதியே இல்லை. அடைப்புக்குறிகளை அருகருகே இட்டுத்தான் கட்டைகளைக் காட்டினார். நம் சங்கப் பாட்டின் சுருக்கத்தை வியக்கும் நமக்கு இந்தச் சுருக்கம் புரியாமல் போகாது.

நம் திருச்சபையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. மைக்கலாஞ்சலோ வத்திக்கான் சிஸ்டைன் சிற்றாலயத்தில் தீட்டிய ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தின் ஆடையற்ற உருவங்கள் பலருக்கு உறுத்தலாயின. திரெந்து பொதுச்சங்கத்தின் முடிவையொட்டி, 1565இல் தனியேலே தா வொல்தெர்ரா என்னும் ஓவியர் அவற்றின்மேல் துணி வரைந்தார். ‘கால்சட்டை தைப்பவர்’ என்ற கேலிப்பெயரே அவருக்கு நிலைத்தது. பாவம், அவரும் நல்ல ஓவியர்தான். பின்வந்த நூற்றாண்டுகளில் மேலும் சிலர் மேலும் துணி சேர்த்தனர். 1990 முதல் 1994 வரை ஓவியத்தைத் தூய்மை செய்தபோது, பிற்காலத் துணிகள் பலவற்றை நீக்கினர். வொல்தெர்ராவின் துணிகளை மட்டும், அவையும் ஒரு காலத்தின் சான்று என்று விட்டுவைத்தனர். துணியிடும் முன்னிருந்த தோற்றம் எத்தகையது என்று எப்படித் தெரிந்தது? மார்செல்லோ வெனுஸ்தி 1549இல் அதைப் படியெடுத்து வரைந்த ஓவியம் நேப்பிள்ஸ் நகரில் இருந்தமையால்! படி இருந்ததால் வரலாறு தப்பியது. கணிப்பொறி விளையாட்டிலோ துணியிடுபவர் படியையும் சேர்த்தே பறிமுதல் செய்கிறார்.

படியெடுப்பதில் கணிப்பொறி நிரலுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஓலையைப் படியெடுத்தால் கைப்பிழை நேரும். எண்களால் ஆனதைப் படியெடுத்தால் ஓர் இம்மியும் பிசகாது. பிசகியதா என்று சோதிக்கவும் வழி இருக்கிறது: நிரல் முழுவதையும் ஒரு கணக்குக்கு உட்படுத்தி ஒற்றை எண்ணாகச் சுருக்கி, இரு படிகளின் எண்களையும் ஒப்பிடுவது. பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சுவடிகளைப் படியெடுத்த மசோரா அறிஞர்கள் எழுத்துகளையே எண்ணி வைத்தார்கள் அல்லவா? அதே உத்திதான். எனவே ‘பழையதை அப்படியே காப்பது இயலாது’ என்னும் சாக்கு செல்லாது. பழைய பொறி பழுதானாலும், அதன் நடத்தையைப் புதுப்பொறியில் போலச்செய்யும் நிரல்கள் உண்டு; 1997இல் தொடங்கிய ‘மேம்’ என்னும் திட்டம் ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்கு இதைச் செய்துள்ளது. அதிலும் குறை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய குழாய்த் திரையின் மங்கலில் குழைந்து தெரிந்த நிறங்கள், இன்றைய கூர்மையான திரையில் செங்கல் செங்கலாய்த் தெரிகின்றன. ஆயினும் அங்கே மாறியிருப்பது கண்ணாடி, நூல் மாறவில்லை.

காலம் நமக்காகக் காத்திராது என்பதுதான் கவலை. காந்தத் தகடுகளின் பதிவு ஆண்டுக்காண்டு மங்குகிறது. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ நம் பள்ளிக் கணிப்பொறி அறைகளில் ஆசிரியர் அயர்ந்த நேரத்தில் ஓடிய விளையாட்டு. (நானும் அயர்ந்த ஆசிரியர்களுள் ஒருவன்.) 1989இல் அதைச் செய்த ஜோர்டன் மெக்னர், தம் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்து, அந்த அசைவைக் கட்டங்கட்டமாய் வரைந்தவர். அதன் மூலநிரல் தொலைந்தே போயிற்றென்று பல்லாண்டுக் காலம் அவரே நம்பினார். 2012இல் அவர் தந்தையார் ஒரு பெட்டியைத் துழாவியபோது தகடுகள் அகப்பட்டன. ஒரு தகப்பனாரின் பெட்டியைத்தான் உலகம் நம்பியிருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, அங்குள்ள காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. கடையில் இல்லை, சரி, நூலகமாவது தொலைவிலிருக்கும் ஆய்வாளருக்குத் தரலாமா என்று கேட்டதற்கு, 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் கூடாதென்று மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டார்களாம், படிக்கவும் விடமாட்டார்களாம்.

நம் நாட்டு நிலை அதனினும் விந்தை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தம் கணிப்பொறி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகையில் சேர்த்தது. ஆம், சட்டத்தின் கண்ணில் அந்த மஞ்சள் கேசட்டும் புறநானூறும் ஒரே இனம்! முகஞ்சுளித்த வாசகர்க்கு நான் சொல்ல நினைத்ததும் இதுவே; இலக்கியம் என்று பட்டமளித்தது நானல்லேன், நாடாளுமன்றம். ஆனால் 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கற் சட்டத்தின்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் சென்று சேர வேண்டும். நிரலுக்கு அந்தக் கடமை இல்லை. 2012இல் வந்த திருத்தம், பொது நூலகங்கள் பாதுகாப்புக்கென மின்வடிவப் படி எடுத்துக்கொள்ள இசைந்தது. ஆனால் அந்தப் படைப்பின் மின்வடிவமல்லாத படி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டுமாம். பிறப்பே மின்வடிவமான ஒன்றுக்கு மின்வடிவமல்லாத படி எங்கிருந்து வரும்? இலக்கியம் என்று பெயர்சூட்டிவிட்டு, இலக்கியத்துக்குரிய ஓர் அலமாரியைத் தர மறுக்கிறது சட்டம்.

“விளையாட்டுதானே, போனால் போகட்டும்” என்போர்க்கு நம் ஊர்க் கதையே விடை. 1910களில் சென்னையில் நடராச முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ தென்னாட்டின் முதல் கதைப்படம். ஒரு படியும் இன்றில்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’, அதுவும் இல்லை. கூத்துத்தானே என்று அன்றைக்கும் சொன்னார்கள். மாறாக, கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், அறிஞர் தீண்டாத சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தார். அவர் பெயரில் 1994இல் சென்னையில் எழுந்த நூலகத்துக்கு இன்று கடல் கடந்தும் ஆய்வாளர் வருகின்றனர். நம் சமூகத்துக்கும் இந்த வடு உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று, நம் மறைநூல். அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதை இன்றைய எழுத்தில், இன்றைய நடையில் ‘திருத்தி’ மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கியெறிந்திருந்தால், பதினாறாம் நூற்றாண்டின் அச்செழுத்து எப்படி இருந்ததென்று எவரறிவார்?

என் வாதத்திலும் ஒரு முள் இருப்பதை மறைக்கப் போவதில்லை. பர்மா பஜாரில் விற்ற கேசட்டுகள் பெரும்பாலும் உரிமமின்றிப் படியெடுத்தவை. மேலுறையில் ‘ஆயிரம் ஆட்டங்கள்’ என்றிருக்கும். உள்ளே பத்துப் பதினைந்துதான், அவையே வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். தயாரித்தவரின் பெயர் அழிக்கப்பட்டிருக்கும். உயிர்களின் எண்ணிக்கைகூட மாற்றப்பட்டிருக்கும். அப்படியானால் குப்பத்துக் கேசட்டு மூலமா, சிதைவா? நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். சப்பானில் 1985இல் விற்றது ஒரு மூலம். சென்னைப் பிள்ளைகள் ஆடியது இந்தச் சிதைந்த படி. தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இதைவிட்டால் வேறு சான்றில்லை. ஓலைச்சுவடியில் ஒரு படியின் பிழை அடுத்த படியிலும் இருந்தால், எதைப் பார்த்து எது எழுதப்பட்டதென்று பதிப்பாசிரியர் கண்டுகொள்கிறார். பிழைகளே குலவரிசை சொல்கின்றன. ஆகவே இரண்டையும் காக்க வேண்டும். எது எது என்று பெயரெழுதிக் காக்க வேண்டும். திருட்டுப் படி விற்றவருக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று.

செய்யக்கூடியது ஒன்றும் பெரிதன்று. கன்னிமாராவிலோ, கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ, ஓர் அறையும் பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் நான்கும் கருத்துள்ள நூலகர் ஒருவரும் போதும். மக்கள் கொண்டுவந்து தருவதைப் பெற்று, உள்ளிருப்பதைப் பிசகின்றிப் படியெடுத்து, யாரிடமிருந்து எந்த ஊரிலிருந்து வந்ததென்று எழுதி வைக்கலாம். சட்டத்தின் அந்த ஒற்றைத் தொடரை, ‘மின்வடிவமல்லாத’ என்பதை, மாற்றச் சொல்லி நம் மக்களவை உறுப்பினர்களுக்கு எழுதலாம். நம் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றின் பண்டக அறைகளில் தொண்ணூறுகளின் கணிப்பொறிகளும் தகடுகளும் இன்னமும் தூசு படிந்து கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடும் முன், தாளாளர்கள் தயைகூர்ந்து ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

அந்தக் கேசட்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். உப்புக்காற்றில் அதன் செம்புப் பற்கள் பச்சை பூத்திருந்தன. ரிச்சி தெருவில் பழுது நீக்கும் ஒருவர் அழிரப்பரால் மெல்லத் தேய்த்துத் தூய்மை செய்தார். உடைத்துப் பார்த்தபோது உள்ளே பலகையின்மேல் கறுப்புப் பசைத்துளி ஒன்று. அதனடியில் உயிர் இருக்கிறதா என்பது பொருத்தினால்தான் தெரியும். பழைய செட்டு ஒன்று அடுத்த வாரம் வருமென்று சொல்லியிருக்கிறார். குப்பத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன்.

“ஊதிப் பாத்தீங்களா சார்?” என்று கேட்டார். “நாங்கல்லாம் ஊதித்தான் போடுவோம்.”